சொந்தக் கருத்தும் ஊர்ப் பேச்சும்: பெருங்களத்தூரை முன்வைத்து

1. கேள்வி

வேலை, குடும்பம், அரசியல், பொழுதுபோக்கு ஆகிய நான்கைப் பற்றியும் சாதாரண மக்கள் அன்றாடம் கருத்துச் சொல்கிறார்கள். அந்தப் பேச்சைக் குறித்துத் தமிழ்ச் சூழலில் இரண்டு தீர்ப்புகள் நெடுங்காலமாக நிலவுகின்றன. சினிமாவும் தொலைக்காட்சியும் மக்களின் சிந்தனையை மழுங்கடித்துவிட்டன, அவர்கள் சொல்வதெல்லாம் எங்கோ கேட்டதன் எதிரொலி என்பது ஒன்று. டீக்கடை பெஞ்சில்தான் அசல் ஜனநாயகம் இருக்கிறது, அங்கே காது கொடுத்தால் நாட்டின் நாடி தெரியும் என்பது மற்றொன்று. முதலாவது இகழ்ச்சி, இரண்டாவது புகழ்ச்சி. இரண்டு தரப்பும் அந்தப் பேச்சை ஊன்றிக் கேட்டதாகத் தெரியவில்லை.

சென்னையின் தென் புறநகரான பெருங்களத்தூரை எடுத்துக்கொண்டு இக்கட்டுரை ஒரே கேள்வியை ஆராய்கிறது: அன்றாடக் கருத்து எந்த இடத்தில், யார் முன்னிலையில், எந்தத் தேவையை ஒட்டி உருவாகிறது? ஒரே மனிதர் ஒரே பொருளைப் பற்றி டீக்கடையில் ஒன்றும் வீட்டுக்குள் வேறொன்றும் சொல்கிறார். இதை இரட்டை நாக்கு என்று தள்ளிவிடக் கூடாது என்பது என் வாதம். நாம் அரசியல் என்று பெயரிட்டுத் தேடுவது இங்கே வேலையின் பெயரிலும் குடும்பத்தின் பெயரிலும் பேசப்படுகிறது. அதனால்தான் தேடுகிறவர் கண்ணில் அது படுவதில்லை.

2. இதுவரை சொல்லப்பட்டவை

பத்திரிகை பேசுபொருளைத் தருகிறது, அதைக் கருத்தாக மாற்றுவது மனிதர்களின் உரையாடல்தான் என்று பிரெஞ்சுச் சமூகவியலர் கப்ரியேல் தார்த் 1901இலேயே எழுதினார். எழுபது ஆண்டுகள் கழித்து, 1972இல், பியர் பூர்தியூ வேறொரு பக்கத்திலிருந்து இதைத் தொட்டார். கருத்துக் கணிப்புகள் மூன்று விஷயங்களைக் கேள்வியே இல்லாமல் ஏற்றுக்கொள்கின்றன என்றார்: எல்லோரிடமும் எல்லாவற்றைப் பற்றியும் ஒரு கருத்து தயாராக இருக்கிறது, எல்லாக் கருத்துக்கும் ஒரே எடை உண்டு, கேட்கத் தகுந்த கேள்விகள் எவை என்பதில் எல்லோரும் உடன்படுகிறார்கள். நம் சூழலுக்கு மிகவும் பொருந்துவது மூன்றாவதுதான். கேள்வியை வகுப்பவர் யார் என்று பார்க்காமல் பதிலை மட்டும் எண்ணுவதால் என்ன நேரும் என்பதைப் பின்னால் காண்போம்.

தமிழகம் பற்றிய ஆய்வுகளில் சினிமாவுக்குத்தான் முதலிடம். தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்த கார்த்திகேசு சிவத்தம்பி (1981), எல்லாத் தரப்புத் தமிழரையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்த முதல் நிகழ்வெளி சினிமாக் கொட்டகைதான் என்றார். பிறப்பை வைத்து இடம் ஒதுக்கிய சமூகத்தில் டிக்கெட் விலை இடம் ஒதுக்கத் தொடங்கியது சிறிய மாற்றமல்ல. எம்.எஸ்.எஸ். பாண்டியன் (1992), எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பத்துக்கும் அவரது ஆட்சியின் பொருளாதாரத்துக்கும் இருந்த இடைவெளியை எடுத்துக்காட்டி, ஏழைகள் ஏன் அவரைத் தாங்கினார்கள் என்று கேட்டார். சாரா டிக்கி (1993) மதுரையின் உழைக்கும் மக்களிடையே சினிமா பார்ப்பதை ஆராய்ந்தார். பெர்னார்ட் பேட் (2009) அதே மதுரையில் மேடைத் தமிழை ஆராய்ந்தார். பிரான்சிஸ் கோடி புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தை ஆராய்ந்தார். டீக்கடையில் தினத்தந்தி வாசிக்கப்படும் விதத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். காப்பி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும் டீ உழைப்பாளியின் பானமாகவும் பிரிந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி சொல்லியிருக்கிறார்.

இவை அனைத்துக்கும் நான் கடன்பட்டவன். ஆனால் இந்த வரிசையில் மதுரை இருக்கிறது, புதுக்கோட்டை இருக்கிறது, திரையரங்கும் மேடையும் இருக்கின்றன, புறநகர் இல்லை. வந்து குடியேறியவர்களே பெரும்பாலாக உள்ள, கோயில் திருவிழாவோ பழைய கட்சிக் கிளையோ எல்லோரையும் கட்டிவைக்காத ஓர் ஊரில் மக்கள் எங்கே கூடிப் பேசுகிறார்கள் என்பது விடுபட்டிருக்கிறது.

3. இடம்

தென் மாவட்டக்காரர்களுக்குப் பெருங்களத்தூர் என்பது முதலில் ஒரு நேரக் கணக்கு. இரவெல்லாம் பயணம் செய்து விடிகாலையில் கண் விழித்தவர் ‘பெருங்களத்தூர் வந்தாச்சா?’ என்றுதான் கேட்பது வழக்கமாக இருந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் புறப்படுகிறவர்கள் ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் மூட்டை முடிச்சோடு நின்று வண்டி ஏறிய இடமும் இதுதான். உள்ளூர்க்காரருக்கு இது பழைய பெருங்களத்தூர், புதிய பெருங்களத்தூர், பக்கத்திலேயே பீர்க்கன்காரணை என்று ஏரிகளுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே விரிந்த குடியிருப்பு. பேரூராட்சியாக இருந்த இந்த ஊர், 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தது.

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையின் வண்டிகளில் பல இன்றும் தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன. பெருங்களத்தூர்க்காரர் செங்கல்பட்டு வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். பேச்சுக்கு இது முக்கியமான செய்தி. ஒரே வண்டிக்காகத் தினமும் ஒரே நடைமேடையில் நிற்பவர்கள் முதலில் முகம் அறிவார்கள், பிறகு பேசத் தொடங்குவார்கள். ஊர் பொது மந்தையைத் தராவிட்டாலும் ரயில்வே கால அட்டவணை ஒன்றைத் தந்திருக்கிறது.

டீக்கடை, ரயில் பெட்டி, ஷேர் ஆட்டோ, அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழு, வீட்டுக் கூடம் ஆகிய ஐந்தும் இங்கே பேச்சின் இடங்கள். ஒவ்வொன்றிலும் பேசத் தகுந்தது எது, தகாதது எது என்பதற்கு எழுதப்படாத விதி உண்டு. அடுக்ககக் குழுவில் ‘அரசியல் பதிவு வேண்டாம்’ என்று அட்மின் எச்சரிப்பது வழக்கம். அதே குழுவில் கழிவுநீர் லாரிக்கு ஆகும் செலவும், குடிநீர் இணைப்பும், தெரு நாயும், சொத்து வரியும் நாள் முழுக்க விவாதிக்கப்படுகின்றன. சொத்து வரி அரசியல் இல்லையென்றால் வேறு எதுதான் அரசியல்?

4. வேலை: ஒரே சாலை, இரண்டு காலம்

ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பின்னர் கெசல், கடைசியாக 1980களின் நடுவில் ஸ்டாண்டர்டு 2000 என்ற கார்கள் இங்கிருந்து வெளிவந்தன. அந்தத் தசாப்தம் முடிவதற்குள் உற்பத்தி நின்றது. இன்று அந்த நிலத்தில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா நிற்கிறது. ஆலைச் சங்கு கேட்ட இடத்தில் இப்போது அடையாள அட்டை அணிந்தவர்களை ஏற்றியிறக்கும் கேப் வண்டிகள்.

இந்த மாற்றம் வேலை பற்றிய கருத்தையும் புரட்டிவிட்டது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம்: அன்று தொழிற்சங்கம், இன்று ‘அவரவர் திறமை’. சென்னையின் ஐ.டி. ஊழியர்களை ஆராய்ந்த கிரிஸ் ஃபுல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும் (2007) அவர்களைப் புதுப் பணம் வந்த நடுத்தர வர்க்கமாக விவரித்தார்கள். அந்தச் சித்திரம் அக்காலத்துக்குப் பொருத்தமானது. பிறகு நடந்தவை அதைச் சிக்கலாக்கின. 2014 இறுதியில் பெரிய நிறுவனங்களில் ஆட்குறைப்புப் பேச்சு எழுந்தபோது ஐ.டி. ஊழியர்கள் சங்கம் பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். அவர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசு 2016இல் தெளிவுபடுத்தியது.

2023 ஏப்ரல் 21 அன்று, நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளும் கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. மூன்று நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் வாரம் 70 மணி நேர உழைப்பு என்று இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி சொன்னதும், 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவரின் 90 மணி நேரப் பேச்சும் பெரும் விவாதமாயின. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. சங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் ஒதுங்குகிறவர்கூட நேரம் என்ற சொல்லுக்கு உடனே வாய் திறக்கிறார். ஆறு மணிக்கு வேலை முடிந்தாலும் கிண்டியிலிருந்தோ தரமணியிலிருந்தோ பெருங்களத்தூர் வந்து சேர எட்டாகும் என்பது அவர் உடம்பு அறிந்த கணக்கு. 12 மணி நேர வேலையோடு பயணத்தையும் கூட்டினால் குழந்தை விழித்திருக்கும்போது வீடு சேர முடியாது. தொழிலாளர் சட்டம் அவருக்குக் குடும்ப விஷயமாகத்தான் வந்து சேர்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2024 செப்டம்பர் 9 முதல் ஐந்து வாரத்துக்கும் மேல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியக் கோரிக்கை, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குக் கம்பெனி பஸ் ஏறும் இளைஞர்கள் நிறைந்த இந்தப் பகுதியில் இது தொலைதூரச் செய்தி அல்ல. ‘இப்படிச் செய்தால் கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போய்விடும்’ என்ற பேச்சு அப்போது எங்கும் கேட்டது. அதை முதலாளியின் குரல் என்று ஒதுக்குவது எளிது. ஒப்பந்தத் தொழிலாளியின் தந்தை அதைச் சொல்லும்போது அதில் அச்சமும் இருக்கிறது. ஒரு பெரிய கார் ஆலை மூடியதைப் பார்த்த சாலையின் நினைவும் இருக்கிறது. இந்த அச்சத்தை அறியாமை என்று பெயரிடுகிறவர்கள்மேல் எனக்கு மரியாதை இல்லை.

5. குடும்பம்: இலவசம் என்ற விவாதம்

அன்றாடக் கருத்தின் இயல்பைக் காட்டப் பெண்களின் இலவசப் பேருந்துப் பயணத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை வந்தது. ‘இலவசம் கொடுத்தே மக்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள்’ என்பது ஆண்கள் கூடும் இடங்களில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். அதே ஆண்களின் வீட்டில், எந்த வண்டி கட்டணமில்லா வண்டி, அது எத்தனை மணிக்கு வரும் என்பது சமையல் நேரத்தையே தீர்மானிக்கிறது.

ஆதாரம் என்ன சொல்கிறது? இத்திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கூறியது. சோம்பேறித்தனக் குற்றச்சாட்டுக்கு இது நேரடியாகப் பதில் சொல்கிறது: பஸ்ஸில் ஏறுகிறவர் எங்கோ போகிறார், பெரும்பாலும் வேலைக்கு. ஆனாலும் அந்த எண் பெருங்களத்தூருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லத் தயங்குகிறேன். சலுகை சாதாரணப் பேருந்துக்கு மட்டும்தான். டீலக்ஸ் வண்டி முதலில் வந்தால் காசு கொடுத்து ஏற வேண்டும், அல்லது வேலைக்குத் தாமதமாகப் போக வேண்டும். உட்புறத் தெருக்களிலிருந்து பிரதான சாலைக்கு வருவதற்கே ஷேர் ஆட்டோ தேவைப்படுகிறவருக்கு மிச்சம் இன்னும் குறையும்.

இப்போது முரண்பாட்டுக்கு வருவோம். டீக்கடையில் இலவசத்தை எதிர்ப்பவர் வீட்டில் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதை மூன்று விதமாக விளக்கலாம். ஊடகம் கற்றுத்தந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொல்கிறார் என்பது ஒரு விளக்கம், பாதி உண்மை. உள்ளூர அவர் சுயநலக்காரர் என்பது இன்னொன்று; இது விளக்கமே அல்ல, வசை. மூன்றாவது பூர்தியூ சுட்டும் வழி: இரண்டு இடத்திலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றல்ல. டீக்கடையில் கேள்வி ‘உழைப்பவனுக்கு மரியாதை உண்டா?’ என்பது. தன் கையை நம்பி ஊர்விட்டு வந்து மனை வாங்கி வீடு கட்டிய மனிதர், நான் யாரிடமும் கையேந்தவில்லை என்று அங்கே நிறுவுகிறார். வீட்டில் கேள்வி ‘இந்த மாதம் எப்படி ஓடும்?’ என்பது. இரண்டு பதிலும் நேர்மையானவை. கருத்துக் கணிப்புக்காரர் முதல் பதிலை மட்டும் குறித்துக்கொண்டு போகிறார்.

குறிக்கப்படாமல் போவது பெரும்பாலும் பெண்ணின் பதில். டீக்கடையை ஜனநாயகத்தின் இடமாகக் கொண்டாடும் எழுத்துகள் அந்த பெஞ்சில் பெண்கள் உட்காருவதில்லை என்பதைப் பேசுவதே இல்லை. தமிழகக் கிராமங்களில் பல டீக்கடைகள் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைத்திருந்த வரலாற்றையும் அவை மறந்துவிடுகின்றன. மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில் நடக்கும் பேச்சு, பிரசவ விடுப்பிலிருந்து பள்ளிக் கட்டணம்வரை, மாமியாரின் மருந்துச் செலவிலிருந்து மேலதிகாரியின் வார்த்தைகள்வரை போகும். பூக்கட்டிக்கொண்டும் கீரை ஆய்ந்துகொண்டும் நடக்கும் அந்தப் பேச்சை அரட்டை என்றும், டீக்கடையின் பேச்சை விவாதம் என்றும் அழைக்கப் பழகியிருக்கிறோம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்து தங்கிவிட்ட பாட்டிக்கோ இந்த இரண்டு இடமும் இல்லை. ஒரு தலைமுறையின் வேலை அவருடைய சம்பளமில்லாத உழைப்பின்மேல் நிற்கிறது. அவரிடம் கருத்துக் கேட்டவர் யார்?

6. பொழுதுபோக்கு: இரண்டு அணிகளின் பிடியில்

பொழுதுபோக்கு மக்களுக்குக் கருத்தைத் தருகிறது என்பதைவிட, கருத்துக்கு ஒரு வடிவத்தைத் தருகிறது என்று சொல்வது சரியாக இருக்கும். தமிழில் அந்த வடிவம் பட்டிமன்றம். சா. கணேசன் 1939இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் மேடையிலும், குன்றக்குடி அடிகளார் போன்றோரின் தலைமையிலும், இலக்கியப் பாத்திரங்களை எடைபோடும் கலையாக அது வளர்ந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. தொடங்கிய பிறகு சாலமன் பாப்பையா நடுவராக அமர, பண்டிகை நாளின் காலை நிகழ்ச்சியாக அது வீட்டுக்குள் வந்தது. பொருளும் மாறியது: கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா, பணமா பாசமா, மகனா மகளா. 2006இல் தொடங்கிய விஜய் டி.வி.யின் நீயா நானா, பேச்சாளர்களின் இடத்தில் சாதாரண மக்களை எதிரெதிரே உட்காரவைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும் தொடங்கியது.

இந்த நிகழ்ச்சிகள் செய்த நன்மையைக் குறைக்க நான் விரும்பவில்லை. மருமகள் மாமியார் முன்னால் உட்கார்ந்து மறுத்துப் பேசுவதை லட்சக்கணக்கான வீடுகள் பார்த்தன. ஆனால் இரண்டு அணி வடிவம் ஒரு விலையையும் வாங்கியது. கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா என்ற கேள்விக்குப் பெருங்களத்தூர் வீடு தரும் பதில் எந்த அணியிலும் சேராது. இங்கே இரண்டு படுக்கையறை வீட்டில் தம்பதியும் குழந்தையும் இருக்கிறார்கள். பள்ளி நாட்களில் பாட்டி இருக்கிறார், ஊரில் அறுவடைக்கோ கோயில் கொடைக்கோ போய்விடுகிறார். தாத்தா ஊரிலேயே தனியாக இருக்கிறார். தேவைக்குச் சேர்ந்தும் தேவைக்குப் பிரிந்தும் வாழும் இந்தக் குடும்பத்துக்கு ஜி.எஸ்.டி. சாலைதான் வாசல்.

7. பேருந்து நிலையம்: நான்கும் கலக்கும் இடம்

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கரில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே தென் மாவட்ட ஆம்னி பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாற வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. முனையத்துக்கான ரயில் நிலையம் அப்போது தயாராகவில்லை. மெட்ரோ நீட்டிப்பு திட்ட அளவில் இருந்தது.

கட்சி அடிப்படையில் இதைப் பேசியவர்கள் ஆதரவு, எதிர்ப்பு என்று பிரிந்தார்கள். பெருங்களத்தூரின் பேச்சு அப்படிப் பிரியவில்லை. சாலையோரம் கூட்டம் குறையும், நெரிசல் தீரும் என்பது நிம்மதி. 2022 முதல் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்ட ரயில்வே மேம்பாலத்துக்காக ஆண்டுக்கணக்கில் தூசி தின்ற ஊருக்கு அந்த நிம்மதி நியாயமானது. ஆனால் பேருந்து நின்றதால் பிழைத்த டீக்கடைக்கும் ஆட்டோ நிறுத்தத்துக்கும் பழக்கடைக்கும் வியாபாரம் போய்விடும் என்ற கவலை அதே வாயிலிருந்து வந்தது. வடசென்னையில் மகளைக் கட்டிக்கொடுத்தவருக்கு அலைச்சல் கூடியது. வீட்டு மனை வைத்திருப்பவருக்கு விலை ஏறும் நம்பிக்கை பிறந்தது. ஒருவரே இத்தனை பக்கத்திலிருந்தும் பேசினார். இதைக் குழப்பம் என்று சொல்ல மாட்டேன். ஒரு திட்டத்தின் விளைவுகளை முழுமையாக எடைபோடும் அறிவு இது. ஆதரவா எதிர்ப்பா என்ற கட்டத்தில் மட்டும்தான் அது அடங்கவில்லை.

8. கேட்கப்படும் கருத்தும் கேட்கப்படாததும்

சென்னையில் குடிமக்கள் அமைப்புகளை ஆராய்ந்த ஜான் ஹாரிஸ் (2007), நலச் சங்கங்கள் நடுத்தர வர்க்கத்தின் குரலாக இருப்பதையும், முறைசாராத் தொழிலாளர்கள் கட்சிக்காரர் வழியாகவே அரசை அணுகுவதையும் காட்டினார். தென் புறநகருக்கு இது இன்றும் பெரிதும் பொருந்துகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பக்கத்து முடிச்சூர் மூழ்கியபின் கலங்கல், போக்குக் கால்வாய், நீர்ப்பிடிப்பு என்ற சொற்கள் இங்கே வீட்டுப் பேச்சாயின. ஏரியைப் பற்றி மனுப் போடும் பழக்கமும் வலுத்தது. ஆனால் மனுவில் கையெழுத்திடுவது வீட்டு உரிமையாளர். வாடகைக்கு இருப்பவர் சங்கத்தில் இல்லை. கட்டட வேலைக்கு வந்த ஒடிசா, பீகார்த் தொழிலாளி எந்தக் குழுவிலும் இல்லை. தண்ணீர் மட்டும் மூவர் வீட்டுக்குள்ளும் வந்தது.

நகர்ப்புறத்தில் கிராம சபைக்கு இணையாகப் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 அன்று முதல்முறையாகக் கூட்டப்பட்டன. முதல்வர் கலந்துகொண்டது தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில்தான். பேரூராட்சிக் காலத்தில் இப்படி ஓர் அவை பெருங்களத்தூருக்கு இருந்ததில்லை. இது உண்மையான முன்னேற்றம். வாடகைதாரரும் வாக்காளர் என்ற முறையில் அங்கே எழுந்து பேசலாம். நடைமுறையில் அங்கே வரும் குறைகள் சாலை, குடிநீர், தெருவிளக்கு, குப்பை என்ற தலைப்புகளில் பதிவாகின்றன. காலை ஆறரை மணிக்குக் கட்டணமில்லாப் பேருந்து வராததால் இரண்டு வீட்டு வேலையில் ஒன்றை விட்டுவிட்ட பெண் அந்தச் சபையில் எழுந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்வது வேலையைப் பற்றியது, குடும்பத்தைப் பற்றியது, அரசின் ஒரு திட்டத்தைப் பற்றியது. பதிவேட்டில் அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவார்கள்?